ஹுமாயூன் விழுந்த படியும் எங்கள் சரிவு வரிசையும்

காப்பிச் செடிக்குள் கையை விட்டால் போதும்... இலையில் தேங்கிய பனி முழங்கை வழியாக ஓடி ரவிக்கைக்குள் சில்லென்று இறங்கும்.

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் பழம் பறிக்கப் போன புதிது. வயசு இருபது. வாய்க்கு மட்டும் நாற்பது.

எங்கள் மேஸ்திரிக்குப் பேரரசர்கள் மேல் பைத்தியம். மகளின் சரித்திரப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, நாங்கள் பறிக்கப் பறிக்க, பின்னால் நின்று கதை சொல்வார். நெப்போலியன் கிரீடத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டானாம். ருஷ்யப் பனியில் பட்டாளத்தையே பறிகொடுத்தானாம். "பட்டாளம் போயிட்டா ராஜாவும் வெறும் ஆளுதான்" என்பார். ஹுமாயூன் தோற்று ஓடி, பல வருஷம் அலைந்து, டெல்லியைத் திரும்பப் பிடித்தானாம். பிடித்த கொஞ்ச நாளில் மாடிப்படியில் விழுந்து செத்தானாம்!

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எனக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான்.

மேஸ்திரியும் ஒரு சக்கரவர்த்திதான். யாருக்கு எந்த வரிசை என்று விசில் ஊதிச் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள் காலை, ஏழு மாதக் கர்ப்பிணி செல்விக்குச் சரிவு வரிசையைக் கொடுத்துவிட்டார். ராத்திரி மழையில் மண் சோப்பு மாதிரி கிடந்தது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி... மாடிப்படியில எறங்குன ராஜாவே உழுந்துட்டாருன்னீங்க. மாசமா இருக்கற புள்ள இந்தச் சரிவுல எப்படிங்க எறங்கும்?"

"உனக்கு வாயி நொம்ப நீளுது. கத வேற, வேல வேற. போ கண்ணு, வரிசைக்கு!"

இடுப்பில் கட்டிய பழப் பையை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள். அப்புறம் எல்லோரும்.

"ஏம் புள்ளைங்களா, என்ன இது?"

"பட்டாளம் போயிட்டா என்னாகும்னு நீங்கதானுங்க சொன்னீங்க!"

விசில் ஊதினார். யாரும் எழவில்லை. மறுபடி ஊதினார். அட்டைகள்தான் காலில் ஏறின. எங்களை முறைத்தவர், சட்டென்று சிரித்துவிட்டார்.

"செல்வி, நீ ரோட்டோர வரிசைக்குப் போ சாமி. சரிவுக்கு இந்த வாயாடி போகட்டும்."

போனேன். இரண்டு தடவை வழுக்கினேன். மேலேயிருந்து அவர் குரல்: "ஏ ஹுமாயூனு... பாத்து!"

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அந்த விசில் என் கழுத்தில்... ஆமாம், நான்தான் மேஸ்திரி! பெண்கள் காதில் செல்போன் பாட்டோடு பறிக்கிறார்கள். வாழவந்தியிலிருந்து வண்டியில் வரும் செல்வியின் மகள் மட்டும் கதை கேட்பாள். சொல்வேன். டெல்லியைத் திரும்பப் பிடித்தது வரைக்கும். மாடிப்படியைச் சொன்னால் நாளைக்கு அவளும் பையை அவிழ்த்துப் போட்டுவிடுவாளே!

"அப்பறம் ஹுமாயூன் என்னானாருங்க பெரியம்மா?"

"அப்பறம் என்ன... நொம்ப நாளு நல்லா இருந்தாரு. பழத்தப் பறி கண்ணு!"