மாலை போட்ட பட்டம்

எண்பதுகளில் பம்பாயில் சுங்க முகவர் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் பட்டதாரியாக இருக்க வேண்டும். சரக்கைப் பார்த்த மாத்திரத்தில் டியூட்டியை, அதாவது சுங்க வரியை, வாயாலேயே சொல்லிவிடும் சீனியர்கள் எத்தனையோ பேர், மெட்ரிக்கோடு நின்றுவிட்டதால் கடைசி வரை அடுத்தவர் லைசென்ஸில்தான் வேலை பார்த்தார்கள். நான் பி.காம். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பட்டம் என்னுடையதுதான், படிக்க வைத்தது அக்கா. தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. சான்றிதழ் கைக்கு வந்த மறு வாரமே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம். சரஸ்வதி பூஜைக்கு மாலை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது முருகனோடு சேர்த்து அதையும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவளுக்கோ தலைகால் புரியாது.

ஒரு முகவரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எழுத்துத் தேர்வில் தேறினேன். வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அசல் பட்டச் சான்றிதழோடு வர வேண்டும், இல்லையென்றால் தேர்வு கிடையாது என்று கடிதம் வந்தது. நகல்களை முன்பே எடுத்து வைத்திருந்ததால் சட்டம் போட்ட பிறகு அசலை நான் தொட்டதே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சட்டத்தை இறக்கிப் பின்பலகையைக் கழற்றினேன். அட கடவுளே! இத்தனை வருஷ மழையில் சுவர் ஊறி, ஈரம் உள்ளே இறங்கி, சான்றிதழ் கண்ணாடியோடு அப்பிக்கொண்டிருந்தது. பிளேடை விட்டு நெம்பினேன். ஒரு மூலை பர்ரென்று கிழிந்தது.

வந்ததே எனக்குக் கோபம். "இது என்ன சாமி படமாக்கா? ஆபீஸ் காயிதம்! ஒன் பவிசுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று கத்தினேன்.

"எனக்கு என்னலே தெரியும்? அப்படியே சட்டத்தோட தூக்கிட்டுப் போயேன்" என்றாள் மெல்ல.

"ஆமா, ஊர்வலம் போறேன்!"

ஆனால் வேறு வழி என்ன இருந்தது? காலையில் அக்கா பின்பலகையைப் பூட்டி, சட்டத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள். சயான் ஸ்டேஷனில் வண்டி ஏறிய பிறகுதான் பார்த்தேன், சேலைக்கு வெளியே மாலை எட்டிப் பார்த்தது. புண்ணியவதி, மாலையோடு சுற்றியிருக்கிறாள்! அந்த நெரிசலில் ஒருவர் எழுந்து, "பைட்டோ பாய்" என்று இடம் கொடுத்தார். யாரோ செத்துப்போய்ப் படத்தை எடுத்துப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. கும்பிடு வேறு போட்டார். வி.டி. ஸ்டேஷன் வரும்வரை துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுங்க அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நான் சேலையைப் பிரித்ததும் நடுவிலிருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யே க்யா ஹை?" என்றார். என்னதிது என்று அவர் கேட்டதற்கு, "பி.காம். சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் சிரிக்கவில்லை. குங்குமத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். நகலோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். பலகையைக் கழற்றச் சொல்லிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த மூலையை யார் கிழித்தது?"

"நான்தான் சார். நேற்று."

"ம். இதையே இறக்குமதி செய்கிறாய் என்று வைத்துக்கொள். மரம், கண்ணாடி, காகிதம் மூன்றும் இருக்கின்றன. எதில் வகைப்படுத்துவாய்?"

தேர்வு தொடங்கிவிட்டது என்று எனக்கு உறைக்கவே ஒரு நொடி ஆயிற்று. "காகிதம் சார். அதற்காகத்தான் சட்டமும் கண்ணாடியும். சாமானில் எது முக்கியமோ, அதை வைத்துத்தான் வகை."

"மாலை?"

"அது அக்காவோடது சார். டியூட்டி கிடையாது." நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். மேலும் நாலைந்து கேள்விகள். கடைசியில் தாளில் என் பேருக்கு நேரே 'பாஸ்' என்று குறித்துவிட்டு, "ஹோ கயா, ஜாவ்" என்றார் நடுவிலிருந்தவர். முடிந்தது, போ! வெளியே வந்து, மடியில் சட்டத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

வீட்டில் அக்கா பட்டறைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். காலையில் வடித்த சோறு தொடாமல் இருந்தது.

"அந்தக் காயிதத்தப் பாத்தாவளாலே?"

"பாத்தாவ. நல்லாத்தான் இருக்குன்னுட்டாவ. லைசென்ஸ் வந்துரும்க்கா. அதுல கெட்டது அந்த ஒரு மூலைதான். அது நான் கிழிச்சது."

"நாந்தான் ஒன்னக் கெடுத்துட்டேம்னு நெனச்சேம்லே" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். முந்தின நாள் பேசியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சட்டத்தைப் பழைய ஆணியிலேயே நான் மாட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தது. முருகனுக்குக் குங்குமம் வைத்தவள் சான்றிதழ் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கு, "அது ஆபீஸ் காயிதம்லே" என்றாள்.

குங்குமக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, சான்றிதழுக்கு நானே பொட்டு வைத்தேன். கோணலாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"தள்ளுலே, ஒனக்கு ஒரு எழவும் தெரியாது" என்று முந்தானையால் துடைத்துவிட்டு, நடுவில் அழகாக அவளே வைத்தாள்.