பன்னிரண்டு மணிக்கு முன்னால் கை நனைக்க மாட்டார்

போன வருடம் ஆவணி மாதம், வளர்பிறைப் புதன்கிழமை. இடம், பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டியில் ஒரு பூண்டு வியாபாரியின் வீடு. அன்று அங்கே நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. கம்பத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே மோட்டார் கருகினாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். வயது அறுபதைத் தொடப்போகிறது. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் சர்க்கரை நோயால் அறுபதைப் பார்க்காமலே போய்விட்டவர்கள். இவருக்கும் சர்க்கரை உண்டு, அதனால் மனிதருக்கு அந்த எண் என்றாலே உள்ளுக்குள் ஒரு உதறல். வாயால் சொல்ல மாட்டார். ராத்திரி திடீரென்று எழுந்து உட்கார்ந்திருப்பார், நானும் கேட்க மாட்டேன்.

அப்படிப்பட்டவருக்கு யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பி வைத்தார்கள். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்காம். மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான் சாப்பாடு. மற்ற நேரமெல்லாம் வெறும் தண்ணீர், சீனி போடாத கடுங்காப்பி.

"ஓயாம ஓடுனா மோட்டாரே கருகிருது, வயித்துக்கு லீவு விட வேணாமா? பட்டினி கெடந்தா பழுதான செல்லையெல்லாம் உடம்பே தின்னு சுத்தம் பண்ணிக்கிருமாம். வயசு பின்னாடி போகுமாம்டி" என்றார்.

"வயசு பின்னாடி போறது இருக்கட்டும். நான் ஆட்டி வச்ச மாவு புளிச்சுப் போகுதே, அதுக்கு என்ன வழி?" என்று கேட்டேன். அவர் அந்த வீடியோவையே திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

ஆரம்பத்திலேயே ஒரு அடி வாங்கினார். வழக்கம்போலக் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார். பத்து மணி வாக்கில் கை நடுங்கி, வேர்த்து விறுவிறுத்து, வாய் குழறிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். டாக்டர் விட்டு வாங்கிவிட்டார். "பட்டினி கெடக்கணும்னா முதல்ல என்கிட்ட கேக்கணும். மாத்திரை அது பாட்டுக்குச் சர்க்கரையைக் குறைக்கும். உள்ள ஒண்ணுமே போகலைன்னா ஆளையே சாய்ச்சுரும்" என்று சொல்லி, மாத்திரையையும் அதைப் போடும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நல்லபடியாகத்தான் போனது. நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? தொப்பை வடிந்தது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. சர்க்கரை அளவும் இறங்கியது. கூடவே பிடிவாதமும் ஏறியது. அம்மன் கோயிலில் காலையில் கூழ் ஊற்றினால்கூட வாளியில் வாங்கி வந்து, பன்னிரண்டு மணி ஆன பிறகுதான் குடிப்பார். அம்மனே காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது வடுகபட்டிக்கு வருவோம். என் பையனுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. தேனியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறான். பல வருடமாகப் பெண் தேடி, எங்கள் செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் இந்தப் பூண்டு வியாபாரியின் மகள் சாதகம் பொருந்தி வந்தது. போய்ப் பார்த்தோம், இரண்டு பேரும் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் பையன் என்னிடம் தனியாக, "இந்தப் பொண்ணு அமையலைன்னா இனிமே எனக்குப் பாக்காதீகம்மா" என்று சொல்லிவிட்டான். அவன் அப்படிச் சொல்லுகிற ஆளே இல்லை. எனக்கு அன்றிலிருந்து நெஞ்சு படபடப்புத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போகும்போது காப்பி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். சம்மதம் என்று முடிவான பிறகுதான் ஒரு நல்ல நாளில் போய்ப் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, மாற முடியாது. இலை போட்ட பிறகு கை நனைக்காமல் எழுந்தால், சம்பந்தம் வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அந்தப் புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். காரில் போகும்போதே இவரிடம், "இன்னைக்கு ஒரு நாள் உங்க சட்டதிட்டத்தை எல்லாம் மூட்டை கட்டி வச்சுருங்க" என்றேன். "மத்தியான விருந்துதானே, அதெல்லாம் ஜோராச் சாப்பிடுவேன்" என்றார்.

எமகண்டம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் உள்ளே நுழைகிறோம். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருக்கிறது! இட்லி, குழிப்பணியாரம், உளுந்த வடை, நெய் மிதக்கும் கேசரி, மணக்க மணக்கப் பூண்டுக் குழம்பு. விருந்தே காலைப் பலகாரம்தான்.

இவர் இலையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் கூப்பி, "எனக்குப் பன்னெண்டு மணிக்குத்தான். நீங்கள்லாம் உக்காருங்க" என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெண்ணின் அப்பா தங்கமான மனிதர். முகம் வாடினாலும் நிதானமாக, "ஏண்ணே, என்ன விரதம்?" என்று கேட்டார்.

"விரதம் இல்ல, ஃபாஸ்டிங்கு."

"ஓ, சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போறீகளோ?"

அதோடு விட்டிருக்கலாம். இவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். செல்லு, சுத்தம், வயசு பின்னாடி போறது, எல்லாவற்றையும் எடுத்து விட்டார். ஓரமாக நின்ற பெண்ணின் பெரியப்பா, "வயசைக் கொறைக்கவா? கல்யாணம் பையனுக்கா, இல்ல இவுகளுக்கா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நான் இவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கையைக் கிள்ளினேன். "இன்னைக்கு ஒரு நாள்தானே, ஒரு வாய் வச்சா என்ன?" என்றேன். இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கப்பாவும் இதேதான் சொல்லுவாக. இன்னைக்கு ஒரு நாள்தானே, இன்னைக்கு ஒரு நாள்தானேன்னு சொல்லியே போய்ச் சேந்தாக. ஒரு நாள் விட்டேன்னா நான் தெனமும் விட்ருவேன், என்னைய எனக்குத் தெரியும்" என்றார். கண்ணில் அந்தப் பழைய பயம் தெரிந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

திரும்பி வந்தால் பெண்ணின் அப்பா ஒரு முடிவோடு நிற்கிறார். "சரிண்ணே, பன்னெண்டு மணிக்கே சாப்பிடுங்க. விருந்தாளி கை நனைக்காம இந்த வீட்ல ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார். இவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. போட்ட இலையை எடுத்தார்கள். ஒரு மனிதருடைய ஃபாஸ்டிங், இருபது பேருடைய ஃபாஸ்டிங் ஆனது. என் பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கதவோரம் நின்ற அந்தப் பெண் அவனை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், எனக்கே பயமாக இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். பெண்ணின் அம்மா கேசரிச் சட்டியை மூடிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "மதினி, போன வருசமும் இப்படித்தான் ஒருத்தக வந்து, வயிறு சரியில்லன்னு சொல்லி எந்திரிச்சுப் போனாக. அப்புறம் போனே எடுக்கல. எம்புள்ள ரொம்ப நாள் வெளிய தெருவ தலை காட்டல. புடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க மதினி" என்றார்கள். சத்தியமாக இது ஃபாஸ்டிங்தான், என் பையன் உங்கள் மகளைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டான் என்று அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை.

இந்த லட்சணத்தில் பெரியப்பா இன்னொரு குண்டைப் போட்டார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறதாம். ராகு காலத்தில் கை நனைக்கக் கூடாது, ஒன்றரைக்கு மேல்தான் என்றார். வீடே பெருமூச்சு விட்டது. பணியாரம் கேட்டு அழுத வாண்டுகளுக்கு மட்டும் பெண்ணின் அம்மா யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறத்தில் வைத்துக் கொடுத்தார்கள்.

பதினோரு மணி இருக்கும். பெண்ணின் அப்பா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பூண்டு மூட்டை பற்றி ஏதோ கேட்க வந்த ஆளைச் சுள்ளென்று விழுந்து விரட்டினார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். முகம் சிவந்து, "என்னய்யா நெனச்சீக? எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு எளப்பமாப் போச்சா? எந்திரிச்சுப் போங்கய்யா எல்லாரும்!" என்று கத்தினார்.

அதுவரைக்கும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். பெண்ணின் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். என் பையன் எழுந்து நின்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கைப்பையை எடுத்தேன்.

இவர் மட்டும் வாசலுக்குப் போகவில்லை. நேராக அந்த மனிதரிடம் போனார். அடிக்கத்தான் போகிறாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். இவர் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார். "கோவமில்ல, இது கோவமில்ல! கை சில்லுன்னு இருக்கு, சட்டை எல்லாம் நனைஞ்சு கெடக்கு. சர்க்கரை எறங்கிருச்சு போல! இவுகளுக்கும் சர்க்கரை இருக்கா, காலைல மாத்திரை போட்டாகளா?" என்று கத்தினார்.

"போட்டாகளே, நீங்க வந்தவுடனே பலகாரம் சாப்பிடுறதுதானேன்னு போட்டாகளே" என்றார்கள் பெண்ணின் அம்மா.

"ஆத்தா, சீனியக் கரைச்சுக் கொண்டா, ஓடு!" என்றார் இவர். அந்தப் பெண் பறந்தாள். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து இவரே தம்ளரைப் பிடித்துச் சீனித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். என் பையன் காரை வாசலில் திருப்பி நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக நின்றான்.

கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கண் தெளிந்தது. சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, "என்ன, எல்லாரும் இங்கன கூடி நிக்கிறீக?" என்று கேட்டார். தான் கத்தியதுகூட அவருக்கு நினைவில்லை.

சீனித் தண்ணி மட்டும் போதாது, உடனே ஏதாவது சாப்பிட வேண்டும் என்று இவர் அவசரப்படுத்தினார். பெண் ஒரு தட்டில் கேசரியும் இட்லியும் கொண்டு வந்தாள். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தட்டைக் கையால் தள்ளினார். "அண்ணன் இன்னும் கை நனைக்கலையே" என்றார்.

இவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு கை கேசரியை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த கையை அவர் வாயில் ஊட்டினார். "சாப்பிட்டேன் சம்பந்தி, சாப்பிட்டுட்டேன். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லும்போது இவருக்குக் கண்ணீர் மீசையில் இறங்கியது. கேசரியும் மீசையில்தான் இருந்தது.

"ராகு காலத்துக்கு முன்னாடியே முடிஞ்சுருச்சு!" என்று பெரியப்பா குரல் கொடுத்தார். திரும்பவும் இலை விழுந்தது. இருபது பேரும் அன்று சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, அதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது, சூறையாடல். நான் மட்டும் எத்தனை பணியாரம் தின்றேன் என்று கேட்காதீர்கள். பெண்ணின் அம்மா எனக்குப் பரிமாறிக்கொண்டே அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள்.

சாயங்காலம் இவரே சம்பந்தியைப் பெரியகுளத்தில் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினார். ஆபத்து இல்லை, ஆனால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய உடம்பு என்று டாக்டர் சொன்னார். சம்பந்திக்கு இப்போது ஃபாஸ்டிங் ஆசை வந்து, எனக்கும் வயசு குறையட்டுமே என்கிறார். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டதால், இவர் பட்டினி கிடக்கும் நேரமாகப் பார்த்துச் சம்பந்தி போன் போட்டு, தான் என்ன சாப்பிட்டேன் என்று வரிசையாகச் சொல்லி வெறுப்பேற்றுகிறார்.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மருமகள் வந்த பிறகு வீட்டில் பேச்சும் சிரிப்பும் கூடிவிட்டது. இவர் இன்னும் ஃபாஸ்டிங் இருக்கிறார், டாக்டரிடம் கேட்டுக் கேட்டு. ஒரு நாள் விட்டால் தினமும் விட்டுவிடுவேன் என்று சொன்னாரே, அப்படி ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே பழையபடி பன்னிரண்டு மணி வரை வெறும் வயிறுதான்.

அவருடைய வயது பின்னால் போகிறதா என்று எனக்குத் தெரியாது, முடி நரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உயிரே அதில்தான் இருக்கிறது என்று கட்டிக்காத்த ஒன்றை, முந்தாநாள் பழகிய ஒரு மனிதருக்காக ஒரு நொடியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாரே, அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து இவரோடு சேர்ந்து கிழவியாவதில் எனக்கு ஒரு பயமும் இல்லை.