பறவை மருந்து

அக்டோபர் மாதத்து முதல் வேட்டைச் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் காபியோடு சவுனா என்ற நீராவிக் குளியல் குடிலின் முன்னறைக்குள் போன சைமி, கோப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

அந்த அறையில்தான் அவள் கணவர் ஆர்வி போர்க்காலத்து ரைஃபிளுக்குத் தோட்டா நிரப்புவார். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, வெடிமருந்தும் குண்டும் போட்டுத் திரும்ப மூடுவார். மூஸ் மானுக்கென்றால் குச்சி குச்சியான மருந்து, கூடு நிறைய. காட்டுச்சேவலுக்கென்றால் செதில் செதிலாக இருக்கும் வேகமருந்து, ஒரு சிட்டிகை. அந்த வேகமருந்தைக் கூடு நிறையப் போட்டுச் சுட்டால் ரைஃபிளே வெடிக்கும். அதனால் மேசையில் எப்போதும் ஒரு டப்பாதான் இருக்கும்.

இன்று இரண்டு இருந்தன. வேகமருந்தான பறவை மருந்து டப்பா காலி. ஐந்து வருடத்துக்கு வரவேண்டியது.

சைமி முப்பது ஆண்டு மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். மேல்சீட்டைப் படிக்காமல் எதையும் தொடமாட்டாள். மருந்து அளக்கும் குழலைத் தட்டி உள்ளங்கையில் கொட்டினாள். செதில்கள்.

"ஆர்வி, இர்யாவுக்கு நேத்து எதைப் போட்டுக் குடுத்தே?"

"மான் தோட்டா. பத்து. ஏன், பத்தாதா?"

"எந்த டப்பாவுல இருந்து?"

அவர் இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

மகள் இர்யா விடியும்போதே போய்விட்டாள். வேட்டைக் குழு ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட காத்திருப்பு இடங்களில், சதுப்பு ஓரத்து நான்காம் நிலை அவளுடையது. சைமி மிதிவண்டியை எடுத்தாள். காட்டுப்பாதை முடிந்த இடத்தில் அதைப் போட்டுவிட்டு ரப்பர் காலணியோடு ஓடினாள். அறுபத்தாறு வயது. முழங்காலுக்கு மேல் பாசி இழுத்தது. தூரத்தில் மானைத் துரத்தும் நாய் குரைத்தது. அந்தக் குரல் நான்காம் நிலையை நோக்கித்தான் நகர்ந்தது.

கத்திப் பார்த்தாள். எதிர்க்காற்று. சைமி மரங்களை விட்டு வெளியே வந்தபோது மான் சதுப்பின் நடுவே நின்றது. எதிர்க்கரையில் இர்யா ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்திருந்தாள்.

யோசிக்க நேரமில்லை. குறிக்குப் பின்னால் ஆள் இருந்தால் இர்யா சுடமாட்டாள், அது அவள் அப்பா கற்றுக்கொடுத்த முதல் பாடம். சைமி சிவப்புத் தலைத்துணியை உருவி உயர்த்திக்கொண்டு, மானுக்கு நேர் பின்னால் போய் நின்றாள்.

ரைஃபிள் தாழ்ந்தது. மான் பாய்ந்து ஓடிவிட்டது.

வேட்டைக் குழுத் தலைவன் கௌகோ நாயோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். "சைமி, சூப் கொண்டு வந்தியா, இல்ல மானுக்கு வழி காட்ட வந்தியா?"

"ஒரு தோட்டாவைப் பிரிச்சுப் பாரு."

இர்யா ரைஃபிளில் இருந்த ஐந்தையும் வெளியே எடுத்தாள். கௌகோ ஒன்றைக் குறடால் பிடித்துக் குண்டைப் பிடுங்கினான். கூட்டின் வாய்வரை செதில்.

"இது முகத்தையே கொண்டுபோயிருக்கும்" என்றான்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன?" என்றாள் இர்யா.

"மறதி ஈஸ்டருக்கு முன்னாலேயே ஆரம்பிச்சிடுச்சு. அடுப்ப ரெண்டு தடவ அணைக்காம விட்டாரு. கடைக்குப் போனவரு வழி தெரியாம நின்னாரு."

"என்கிட்ட காது மந்தம்னு சொன்னே."

"சொன்னேன்."

"எதுக்கு?"

"முதியோர் விடுதியில போடச் சொல்லுவாங்க. அங்க எப்படிப் பாத்துப்பாங்கன்னு எனக்குத் தெரியும், முப்பது வருஷம் நான்தானே பாத்தேன்."

இர்யா தோட்டாக்களைக் கைக்குட்டையில் முடிந்தாள். வீடுவரை அம்மாவின் மிதிவண்டியை உருட்டிக்கொண்டே வந்தாள்.

ஆர்வி மேசையில்தான் இருந்தார். முன்னால் புதிதாக ஆறு தோட்டாக்கள்.

"பத்தாதுன்னு தோணிச்சு" என்றார்.

இர்யா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "அப்பா, இந்த அறைச் சாவியக் குடுப்பா."

அவர் சட்டைப் பையில் தேடினார். கொக்கியில் தொங்கிய சாவியைச் சைமிதான் எடுத்துக் கொடுத்தாள். ஆர்வி மகளைப் பார்க்கவில்லை. சைமியைத்தான் பார்த்தார்.

"சொல்லிட்டியா?" என்றார். "சொல்லமாட்டேன்னு சொன்னியே, சைமி."