இல்லாத மண்டபத்தில் காய்ந்த சேலை

அரசாங்க இணையதளங்களை வரி விடாமல் வாசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுதியவர்களே வாசித்திருக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வள்ளியூரில் மூட்டை தூக்கினேன், விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சுப் பொதி இறக்கினேன், இடையில் எங்கெங்கோ எச்சில் தட்டு கழுவினேன். ஒரே ஊரில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கிளம்புவதற்கு முன் செல்போனில் அடுத்த ஊரைப் பற்றி அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். போய் இறங்கினால் சொன்னது எதுவும் அங்கே இருக்காது.

ஒரு அரசுத் துறையின் இணையப் பக்கத்தில் தாமிரபரணி மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிறது என்று போட்டிருந்தான். ஆற்றில் ஒருநாள் நின்றவன் இதை எழுத மாட்டான். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காலே சொல்லிவிடும். நான் பஞ்சு இறக்கிய ஊரில் பட்டு நெய்தார்களாம். 'புதியது' என்று ஒரு சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டே இருக்கும். தட்டினால் பக்கம் இல்லை என்று வரும். எப்போதோ ஓய்வு பெற்றுப் போன அதிகாரி இன்னும் அங்கே பல் தெரிய வரவேற்கிறார்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான். ஆனால் அதே பக்கம் நான் படுத்திருந்த இடத்தில் கை வைத்தது.

அப்போது ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழைத்தார் ஏற்றும் வேலை. படித்துறையை ஒட்டிய கல்மண்டபத்தில் படுத்துக்கொண்டேன். பகலில் அது பெண்களுடைய இடம். குளித்து ஏறினால் ஈரச்சேலை மாற்ற அதைவிட்டால் மறைவு கிடையாது. பீடி சுற்றும் அக்கா ஒருத்தி தினமும் வருவாள். அவள் வீட்டில் குளிக்க அறையும் இல்லை, தண்ணீரும் வராது. மண்டபத்தின் உத்தரக்கல் குறுக்கே விரிசல் விட்டிருந்ததை முதலில் காட்டியவள் அவள்தான்.

"இது என்னைக்கு யார் தலையில விழப்போவுதோ. நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்லா, வா, போய்ச் சொல்லுவோம்" என்றாள். பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினோம்.

அந்தத் துறை அலுவலகத்தில் இருந்தவர் எங்கள் மனுவைத் தொடவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அந்த மண்டபந்தான் இல்லையே வே. பழைய வெள்ளத்துல இடிஞ்சு போயிட்டுன்னு போட்டிருக்கு, பாரும்."

"நேத்து சாயங்காலம் அங்கனதானய்யா சேல மாத்துனேன்" என்றாள் அக்கா. "அப்போ ஆத்து நடுவுலயா நின்னு மாத்துனேன்?"

"யம்மா, நீங்க சொல்லுதது வேற மண்டபமா இருக்கும்."

"எங்கூர்ல இருக்கதே ஒண்ணுதான்."

நான் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்து, மறுபடி தட்டி, ஜெயித்தவர் போலச் சிரித்தார். "இது வேற ஊருல்லா! இந்தா, அந்த ஊர்ப் பக்கத்துல படமே போட்டிருக்கு."

திரையில் இருந்தது எங்கள் மண்டபமேதான். ஆற்றோடு கீழே பத்து மைல் தள்ளி இருக்கும் ஊரின் பெயரைப் போட்டு, வெள்ளைக்காரர்கள் குதிரை கட்டிய இடம் என்றும், புதுப்பித்தாயிற்று என்றும் எழுதியிருந்தது. தூண்கள் நடுவே கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. பச்சையில் மஞ்சள் கட்டம்.

அக்கா மேசைமேல் சாய்ந்துவிட்டாள். "ஏ, அது எஞ்சேல! முந்தியில ஒட்டுப் போட்டது தெரியுது பாருங்க!"

"சேலைய வச்சு ஊரச் சொல்ல முடியுமாம்மா?"

"பின்ன எத வச்சுய்யா சொல்லுதீக? இந்தப் பெட்டிய வச்சா?"

அவருக்கு வெட்கமே இல்லை. திருத்துவது சென்னையில் இருப்பவர்கள் வேலை என்றார். இணையதளத்தில் இடிந்ததாக இருக்கும்வரை பழுதுபார்க்கக் காசு கேட்க முடியாது என்றார். நேரில் வந்து பார்க்கலாமே என்று கேட்டேன். "இல்லாத மண்டபத்துக்கு எப்படிவே பயணப்படி கேக்க?" என்றார். அவர் முட்டாள் இல்லை. முட்டாள்தனத்துக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார், அதில் நனையாமல்.

திரும்பி வந்து ஒரு பனந்தடியை உத்தரத்துக்கு முட்டாகக் கொடுத்தேன். நான் படுக்கையைப் படித்துறைக்கு மாற்றிக்கொண்டேன். பெண்களுக்கு வேறு மறைவு இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவசரமாகச் சேலை கட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு சாதாரண மழை. மத்தியானம், உள்ளே யாரும் இல்லாத நேரம், உத்தரம் இறங்கியது. கூடவே இரண்டு தூண். அக்காவின் சோப்புப் பெட்டியும் வாளியும் அடியில் போயின. ஆற்றில் வெள்ளமே வரவில்லை. ஆக, இடிந்தது என்று போட்டிருந்தது கடைசியில் மெய்யாயிற்று என்றுகூடச் சொல்ல வழியில்லை. 'வெள்ளத்தில்' என்ற பாதி இன்றும் பொய்தான்.

மறுநாள் அக்கா குளித்து ஏறிக் கற்குவியலுக்கு முன்னால் நின்றாள். எதிர்க்கரையில் ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தப் படத்த எடுத்துட்டானுவளா பாரு" என்றாள். பார்த்தேன். இணையதளத்திலிருந்து அதை எடுக்கவில்லை. கீழே இருக்கும் அந்த ஊரில் மண்டபம் முழுசாக நின்றது, அவள் சேலையோடு.

"அப்போ இனிமே பஸ் ஏறி அங்கன போய்த்தான் மாத்தணும் போல" என்றாள். தலைத்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட ஈரச்சேலையோடேயே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.