டார்ச் அக்கா

தான் செய்யும் புது டார்ச் எரிந்ததும் மருந்துக்கடை அக்கா நாக்கை நீட்டி, அதன்மேல் வெளிச்சத்தை அடித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாள். நாக்கு சாம்பல் பூத்துத் தெரிந்தால் உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லு கழன்று டப்பாவுக்குத் திரும்பும். சிவந்து தெரிந்தால் முகமெல்லாம் பல். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் இந்தக் கோலத்தைக் கண்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவியிருக்கிறார்.

தெருவில் அவள் பெயர் டார்ச் அக்கா. கடையின் பின்கட்டில், மாத்திரை டப்பாக்களில் மிளகளவு சில்லுகள், ஈயம் பற்றவைக்கும் கோல், கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி. வீடு நிறைய டார்ச் இருந்தும் மின்சாரம் போனால் மெழுகுவத்தி தேட வேண்டியிருக்கிறது, எல்லாம் வயிறு திறந்து கிடக்கிறது என்பது வீட்டுக்காரரின் புலம்பல். அவளுக்கு அது காதில் விழுவதில்லை. சில்லைவிட அவள் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்வது, பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் காசளவு சுற்றுப்பலகையைப் பற்றித்தான். அதற்குப் பெயர் டிரைவர். "வண்டி எவ்வளவு ஒசத்தியா இருந்தா என்ன, டிரைவர் சரியில்லேன்னா கவுத்துடுவான்" என்பாள்.

அவளையும் ஒருமுறை கவிழ்த்தது. மாட்டு டாக்டரான அண்ணனுக்கு ஆசை ஆசையாக ஒன்று செய்து கொடுத்திருந்தாள். வாசலில் நின்று அடித்தால் ஊர்க்கோடித் தண்ணீர்த்தொட்டி பளிச்சென்று தெரியும். அண்ணன் அதைச் சீக்கிரமே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். கை சுடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக மங்கிவிடுகிறது என்றார். அதோடு விட்டாரா?

"பாப்பா, உன் வெளிச்சத்துல பொறக்குற கன்னெல்லாம் செத்துப் பொறந்த மாதிரியே தெரியுது."

சில நாள் அண்ணனோடு பேச்சில்லை. கோபம் தணிந்த பிறகுதான் யோசித்தாள். அவருக்குத் தூரம் எதற்கு? கன்றுக்கு மூச்சு வந்துவிட்டதா என்று ஈறுகளின் நிறத்தில் அல்லவா பார்க்கிறார். ஒவ்வொரு சில்லையும் தன் நாக்கில் அடித்துப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிரகாசத்தில் பாதியை விட்டுக்கொடுத்து, நிறத்தை உள்ளபடி காட்டும் இளமஞ்சள் சில்லைப் பொருத்தினாள். மிச்ச மின்சாரத்தைச் சூடாக மாற்றி வீணடித்த டிரைவரைக் கழற்றி எறிந்து, பேட்டரி இறங்கினாலும் வெளிச்சத்தை ஒரே சீராக வைத்திருக்கும் வேறொன்றைப் போட்டாள்.

அண்ணன் அதை வாங்க வந்து நிற்கும்போதே, ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறதென்று அழைப்பு வந்தது. அடைமழை, மின்சாரம் போன தொழுவம், பட்டப்பகலில் கும்மிருட்டு. டார்ச் பிடிக்க ஆளில்லை என்றதும் கடையைச் சாத்திவிட்டு அவளே கிளம்பினாள். அண்ணன் இழுத்துப் போட்ட கன்று அசையவில்லை. உதட்டை விலக்கினார், ஈறு நீலம் பாரித்திருந்தது. மூக்கைத் துடைத்தார், வைக்கோலால் நாசியைக் குடைந்தார், விலாவைப் பரபரவென்று தேய்த்தார். டார்ச் சுடவுமில்லை, மங்கவுமில்லை; அவள் அதை ஈறின்மேலேயே பிடித்திருந்தாள்.

"அண்ணா, நிறம் மாறுது," என்றாள். "ரோஸ் ஆகுது."

அண்ணன் குனிந்தார். கன்று தும்மியது. நல்ல ரோஸ் என்றார், அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

தாய்ப்பசு கன்றைத் தலையிலிருந்து நக்கத் தொடங்கியது. நக்கிக்கொண்டே வந்து, பக்கத்தில் குந்தியிருந்த டார்ச் அக்காவின் முழங்கையையும் சேர்த்து நக்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டு, நீட்டினாள்.