எட்டுப் பத்து பஸ்ஸில் ஒரு திருத்தம்

பெரம்பலூரில் ரயில் கிடையாது. அரியலூரில் உண்டு, ஆனால் அது பெரம்பலூருக்கு வராது. ஆகவே பெரம்பலூரில் குடியிருந்து அரியலூரில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் அரசியல் அறிவு முழுவதும் பஸ்ஸில் வளர்ந்தது. காலை எட்டுப் பத்துக்குப் புறப்பட வேண்டிய தனியார் பஸ் அது. 'புறப்பட வேண்டிய' என்று கவனமாகத்தான் எழுதுகிறேன். அது சரியாக எட்டுப் பத்துக்குப் புறப்பட்ட நாட்களையெல்லாம் என்னால் கிழமையோடு சொல்ல முடியும். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

நோட்டு அப்படித்தான் தொடங்கியது. தாமதத்தைப் பற்றி மனுக் கொடுக்க ஆதாரம் வேண்டுமென்று ஒரு நீள நோட்டில் தேதி, நேரம், தாமதம் என மூன்று கட்டம் போட்டேன். மனு எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. நோட்டு தூங்கவில்லை. நான்காவதாக 'பேச்சு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்; இரண்டே மாதத்தில் அது மற்ற மூன்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

காரணம், எனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த மூன்று பேர் இருக்கை. ஜன்னலோரம் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அவருக்குப் பக்கத்தில் அரியலூரில் உரக்கடை வைத்திருப்பவர். மூன்றாவது இடத்துக்கு யார் வந்தாலும் ஆமாம் போட வேண்டும், அவ்வளவுதான் தகுதி. பெண்கள் இருக்கையிலிருந்து நான் எழுதிக்கொண்டே வருவேன். ஆபீஸ் வேலையை பஸ்ஸிலும் விடாத அம்மா என்று என்மேல் அவர்களுக்கு நல்ல மரியாதை இருந்தது.

தலைமையாசிரியருக்கு டெல்லியில் நடப்பது எதுவும் அதிர்ச்சி தராது. எது நடந்தாலும் மறுநாள் காலை, "நான் அப்பவே சொன்னேன்" என்பார். "ஆமா சார், சொன்னீங்க" என்பார் உரக்கடைக்காரர். சொன்னது வேறு. தேர்தலுக்கு முன்னால் ஒரு மாதம் முழுக்க, "அறுதிப் பெரும்பான்மை. எழுதி வெச்சுக்குங்க" என்று அவர் சொல்லி வந்தார். நான் எழுதி வைத்துக்கொண்டேன். முடிவு வந்த மறுநாள், "கூட்டணி இல்லாம ஆட்சி இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அதையும் எழுதினேன். நோட்டைத் திறந்தால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். மூடினால் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். நான் வாய் திறந்ததில்லை. அடிக்குறிப்பு எழுதுகிறவர்கள் நடுவில் பேசக் கூடாது என்பது என் கொள்கையாக இருந்தது.

உரக்கடைக்காரருக்குக் கொள்கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. யூரியா வந்தால் நாடு நன்றாக நடக்கிறது, வராவிட்டால் குட்டிச்சுவர். என் நோட்டு முழுவதிலும் தடுமாறாத அரசியல் அது ஒன்றுதான்.

இந்த பஸ்ஸுக்குள் ராக் இசை வந்தது என் அக்கா மகள் மூலமாக. வரதராசன்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் அக்கா குடும்பம் இருக்கிறது. அவள் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் பழகியவள், அங்கே டிரம்ஸ் வாசித்த பையனையும் செல்போன் கடை வைத்திருக்கும் இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேர் குழு ஒன்று தொடங்கினாள். பாட்டெல்லாம் சொந்தமாக எழுதியவை, தமிழில். அதில் ஒன்று யாரோ அனுப்பி உரக்கடைக்காரர் போனுக்கு வந்து சேர்ந்தது. பேரளி தாண்டியதும் அதைச் சத்தமாக ஓடவிட்டார்.

"மேடம், இது உங்க அக்கா பொண்ணுதானே?"

"ஆமாங்க."

"பாப்பாவுக்குத் தொண்டையில எதுவும் பிரச்சனையா?"

"ராக்குன்னா அப்படித்தாங்க பாடுவாங்க."

தலைமையாசிரியர் போனை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டார். 'எங்க ஊரு வேப்பமரம் வருசமெல்லாம் பூக்குது, பறிச்சுப் பாத்தா லாரித் தூசி' என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"இது யாரைத் தாக்குது?" என்றார்.

"லாரியை சார்" என்றேன்.

"லாரி யாருது?"

"எல்லாக் கட்சிக்காரங்களும்தான் ஓட்டுறாங்க சார்" என்றார் உரக்கடைக்காரர்.

"அப்ப சரி. பொதுவான பாட்டுதான்."

அன்றிலிருந்து பேச்சு இரண்டு விஷயங்களிலும் மாறி மாறி ஓடியது. ஒரு திங்கட்கிழமை நான் ஒரு நிறுத்தம் வரை கண்ணயர்ந்து எழுந்தபோது காதில் விழுந்ததை அப்படியே குறித்தேன்.

"அடுத்தவன் எழுதிக் குடுக்கறதை மைக்கைப் புடிச்சிக் கத்துறான், அவ்ளோதான் சார்."

"கூட்டம் சேருதேய்யா?"

"சத்தம் போட்டா கூட்டம் சேராமலா? முடியை வளத்துக்கிட்டு, லைட்டைப் போட்டுக்கிட்டு... நாளைக்கு இவனே பழைய பாட்டுக்கு வந்துருவான் பாருங்க."

பாராளுமன்றமா, பாட்டா என்று அரியலூர் வரும்வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். இரண்டு தலைப்புகளின் கீழும் எழுதிவைத்தேன். இரண்டிலும் பொருந்தித்தான் இருந்தது.

இதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, ஊர்த் திருவிழா வரும்வரை. தலைமையாசிரியருக்குப் பூர்வீகம் அக்காவின் ஊர்தான். பெரம்பலூரில் வீடு கட்டியவர், ஊர் மாதா கோயில் திருவிழாக் குழுவில் இருந்த பதவியை மட்டும் விடவில்லை. தேர்பவனிக்கு முந்தின நாள் மாலை நடக்கும் கலை நிகழ்ச்சி அவர் பொறுப்பு. அக்கா மகள் அந்த மேடையில் இருபது நிமிடம் கேட்டிருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் வாசித்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவரும் நேரில் கேட்டதில்லை. அவள் அப்பா, என் அத்தான், அவள் புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் கிதாரைப் பெட்டியோடு மட்டுமே பார்த்திருக்கிறார். டிரம்ஸ் பையனுக்கு விசா வந்துவிட்டது. திருவிழா முடிந்த வாரமே துபாய் போகிறான். இந்த மேடை இல்லையென்றால் அந்தக் குழு சொந்த ஊரில் ஒருமுறைகூட வாசிக்காமல் கலைந்துவிடும். "சித்தி, உங்க பஸ்தானே அவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் நடந்திருக்கும். நான் நோட்டைத் திறந்தேன்.

அன்று வியாழக்கிழமை, பஸ் பதினான்கு நிமிடம் தாமதம். நான் விஷயத்தைச் சொன்னதும் தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். "மேடம், பொண்ணு திறமைசாலி. ஆனா கோயில் மேடைக்கு இந்த மேல்நாட்டுச் சத்தம் ஆகாது. என் கருத்து ஆரம்பத்துலேர்ந்து ஒண்ணுதான். நான் மாத்திப் பேசறவன் இல்ல."

கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் நான் கெஞ்சியிருப்பேன் என்று நினைக்கிறேன். நோட்டு மடியில்தான் இருந்தது. "சார், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பங்குனி மாசம், ஒரு புதன்கிழமை. 'டிரம்ஸும் கிதாரும் நான்தான் வாங்கிக் குடுத்தேன், பசங்களுக்குப் புடிச்சது இல்லன்னா கோயிலுக்கு எவன் வருவான்'னு சொல்லியிருக்கீங்க" என்று வாசித்தேன்.

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தைப் புரட்டினேன். அறுதிப் பெரும்பான்மையை வாசித்தேன். எதிர்ப்பக்கத்துக் கூட்டணியை வாசித்தேன். ஒரு மந்திரி ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று சொன்னதையும், அவர் தாங்கியபின் 'அவரை அசைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்' என்று சொன்னதையும் தேதியோடு வாசித்தேன். கண்டக்டர் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு நின்றார். பின்னால் இருந்து ஒரு குரல், "அக்கா, இன்னொண்ணு படிங்க!" என்றது. படித்தேன்.

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிடரி சிவந்திருந்தது. உரக்கடைக்காரர் மட்டும் மெதுவாக, "எல்லாத்தையும் எழுதுறீங்களா மேடம்? நான் பேசுறதையுமா?" என்று கேட்டார்.

மறுநாள் தலைமையாசிரியர் முன்பக்கம், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறிவிப்பு வந்தது. கலை நிகழ்ச்சி மாலை முழுவதும் பட்டிமன்றம். தலைப்பு: நாட்டின் இன்றைய நிலைக்குப் பெரிதும் காரணம் ஆள்பவர்களா, வாக்களிப்பவர்களா? நடுவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அக்கா மகள் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பஸ்ஸே சிரிச்சுதாமே சித்தி?"

"அவர் சொன்னதைத்தான் படிச்சேன்டி. ஒரு எழுத்து கூடுதலா இல்ல."

"எனக்காகவா படிச்சீங்க?"

நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டேன். பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பழங்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை மேடம். ஆனா நீங்க படிச்சவங்க. எழுதுறதுல தப்பு வரும்ல? பஸ்ஸு குலுங்குது. நாப்பது பேரு பேசறான். ஒருத்தன் சொன்னது இன்னொருத்தன் பேர்ல ஏறிடலாம்."

"ஏறலாம் சார்."

"ஏறியிருந்தா ஒரு திருத்தம் போடறதுதானே முறை? ஆபீஸ்ல போடமாட்டீங்களா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. கிழிந்த இடம் கேள்வி கேட்கும் என்று அவருக்குத் தெரியும். என் கையெழுத்திலேயே, என் பெயரிலேயே, நான்தான் பிழை செய்தேன் என்று இருக்க வேண்டும். வரலாற்று நூல்களில் மன்னர்கள் இப்படிச் செய்ததைப் படித்துச் சிரித்திருக்கிறேன். கல்வெட்டு வெட்டுகிறவன் அப்போது என்ன நினைத்தான் என்று எந்த நூலிலும் இல்லை.

இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. வியாழன் மாலை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'மேற்படி நாளில் தலைமையாசிரியர் கூறியது கூட்டணி ஆட்சி என்பதே. அறுதிப் பெரும்பான்மை என்றது பயணி ஒருவர். பிழையாகப் பதிவாகிவிட்டது.' கீழே கையெழுத்து, தேதி. பொய் எழுதினோமே என்ற வருத்தம் மறுநாள்தான் வந்தது. எழுதும்போது இருந்த ஒரே கவலை, பழைய எழுத்துக்கு மை நிறம் ஒத்துப்போகிறதா என்பது. நான்கு பேனா போட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவர் அதை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறை உரக்கடைக்காரரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். முகம் தெளிந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தெளிவில் நடிப்பே இல்லை. "பாத்தீங்களா, எனக்கே சந்தேகமா இருந்துச்சு, நாம அப்படிச் சொல்ற ஆளு இல்லையேன்னு" என்றார். இறங்கும்போது, "பாப்பாவை இருபது நிமிஷம் தயாரா வெச்சுக்கச் சொல்லுங்க. பட்டிமன்றம் முடிஞ்சதும்" என்றார்.

பட்டிமன்றம் ஆறு மணிக்குத் தொடங்கி, ஒன்றரை மணி நேரம் என்றது இரண்டு மணி பத்து நிமிடம் ஓடியது. தவறு ஆள்பவர்கள்மேலும் இல்லை, வாக்களிப்பவர்கள்மேலும் இல்லை, செல்போன்மேல் என்று நடுவர் தீர்ப்பளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்; அதையும் செல்போனில் படம் எடுத்தார்கள். அதன்பின் அக்கா மகளுக்கு மிச்சம் இருந்தது பதினோரு நிமிடம். இரண்டு பாட்டு.

முதல் பாட்டுக்கு முன்வரிசை பெரியவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது வேப்பமரப் பாட்டு. டிரம்ஸ் பையன் இனி கையே தேவையில்லை என்பதுபோல அடித்தான். நான் மேடையைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், எல்லோரும் ஒதுங்கிய இடத்தில், துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். முடிந்ததும் என்னிடம் வந்து, "சத்தம் சாஸ்திதான். ஆனா லாரியைப் பத்திச் சொன்னது நெசம்" என்றார். அவர் பொய் சொல்லிக் கேட்டதில்லை. அவர் சொன்னதை நான் எழுதிவைக்கவில்லை.

பையன் புதன்கிழமை விமானம் ஏறினான். அக்கா மகள் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். 'அப்பா கேட்டாங்க சித்தி. போதும்.' என்ன விலையில் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியர் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். டெல்லியைப் பற்றி ஏதோ பேச்சு எழுந்ததும், "சும்மா சொல்லலய்யா, மேடம் நோட்டுலயே இருக்கு, பாத்துக்க" என்று உரக்கடைக்காரரிடம் சொன்னார். உரக்கடைக்காரர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், போன தேர்தல்ல யாருக்குப் போட்டேன்னு நான் சத்தமாச் சொன்னது... அதுவும் இருக்குங்களா?"

"இருக்குங்க."

"என் மச்சான் இப்ப எதிர்க்கட்சியில பொறுப்புல இருக்காரு. அதையும் அந்தப் பயணி சொன்னதா மாத்திட்டீங்கன்னா நல்லாருக்கும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது என்று யோசிப்பதற்குள் எழுத வேண்டியதை அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் பேனாவைத் திறந்தேன். 'பிழையாகப் பதிவாகிவிட்டது' என்ற இடத்தில் அவர் தடுமாறியபோது, தலைமையாசிரியர் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து வாக்கியத்தை முடித்துக் கொடுத்தார்.