ஜன்னலில் வாசித்த ஜி

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஜன்னலில் ஒரு கிருமி தொங்கும். மெட்ராஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து என் மனைவி சுருட்டிக்கொண்டு வரும் எக்ஸ்ரே படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைப்போம். நான்கு வரிசையாகக் கறுப்புக் கோடுகள். வரிசைக்கு ஓர் எழுத்து: ஜி, ஏ, டி, சி. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபெழுத்து. கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். படத்துக்குப் பின்னால் மலை, கோபுரம், படியேறும் மொட்டைத் தலைகள். என் கண்ணும் அவர்களோடு ஏறும். நான் வாசிப்பேன், அவள் எழுதுவாள். பிறகு இடம் மாறி, அவள் வாசிப்பாள், நான் சரிபார்ப்பேன். அந்த இரண்டாம் வாசிப்பு முடியாமல் எந்தப் படமும் ஜன்னலை விட்டு இறங்கியதில்லை.

எதிர்வீட்டு அக்கா ஒருமுறை தெருவிலிருந்தே கேட்டாள். "இன்னா தம்பி, யாருக்கு மார்ல சளி?"

கிருமியின் படம் என்றேன்.

"கிருமிக்கே எக்ஸ்ரேவா? பாவம், அதுக்கு யாரு ஒட்டவெச்சாங்களோ."

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு புரதம் அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அளந்தால், எழுத்துக் கணக்கில் வருவதைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே அது தொடங்கும் இடம் இன்னும் முன்னால் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஏ-டி-ஜி என்ற மூன்றெழுத்து நிற்கும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கூப்பிடும், அதிலிருந்து புரதம் வளரும் என்பது அவள் எனக்குச் சொன்ன பாடம். முன்னால் இன்னொரு ஏ-டி-ஜி கிடைக்காவிட்டால், அவள் அளந்ததே தப்பு என்று பேராசிரியர் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்.

அந்த முன்பகுதியின் படம் வந்த வாரம் அவளுக்கு மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிய, பென்சிலோடு உட்கார்ந்தாள். நான் மட்டுமே வாசித்தேன். எழுத்து எழுத்தாக ஏறி, அவள் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தேன். அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

கோடு ஜி வரிசையில் இருந்தது. கன்னங்கரேலென்று, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

"ஏ," என்றேன். அப்புறம் டி. அப்புறம் ஜி.

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது கண் நோயின் நீர்தான் அது. மாற்றி வாசிக்க எழுந்தவளை, கண் கெட்டுவிடும் என்று உட்காரவைத்தேன். படத்தை நானே இறக்கினேன்.

பொறுக்க முடியாமல் மறுநாளே கறுப்புக் கண்ணாடியோடு ரயில் ஏறினாள். விளக்குப் பெட்டியின் மேல் படத்தை வைத்ததுமே பேராசிரியருக்கு ஜி தெரிந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் சொன்னாராம். சில நுண்ணுயிர்களில் ஜி-டி-ஜி-யும் தொடக்கமாக நிற்கும். நடுவில் வந்தால் வேலின் என்ற வேறோர் அமிலத்தைக் கூப்பிடும் அதே மூன்றெழுத்து, முதலில் நின்றால் மெத்தியோனினைக் கூப்பிடும். அவள் அளந்தது சரி. அவளுடைய கிருமி வேறு மாதிரித் தொடங்கும் கிருமி. கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்; அதன்மேலேயே அவள் ஏ என்று எழுதி அழித்துவிட்டாள். ஆசைப்பட்டதை வாசிக்கிறவர் கையில் படத்தைக் கொடுக்க முடியாது. வேலை பக்கத்து மேஜைக்காரரிடம் போனது.

சாயங்கால ரயிலில் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "நீங்க ஏ-ன்னு தானங்க சொன்னீங்க?"

"ஜி-தான் தெரிஞ்சுது. நீ ஏ-வுக்குக் காத்துகினு இருந்த."

கிணற்றடியில் நின்று நெடுநேரம் கண்ணைக் கழுவினாள். வாசித்தது நான் என்று அங்கே சொன்னாளா என்று கேட்டேன். சொல்லவில்லையாம், சொன்னால் இன்னும் அசிங்கமாம். துண்டை வாங்கிக்கொண்டே, "இருந்தபடி ஜி-ன்னு சொல்லியிருந்தா, என் ஆயுசுக்கும் அது போதுங்க" என்றாள்.

அதோடு விட்டுவிட்டாள். திட்டியிருக்கலாம். வேறொரு வேலையில் பட்டம் வாங்கினாள், கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், என் கவிதைகளைப் படித்துச் சிரிக்கிறாள். பக்கத்து மேஜைக்காரரின் கட்டுரை வெளிவந்தபோது அதையும் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைப்பது என் வேலை. பாதரசம் நிற்கும் இடத்தை இருந்தபடி சொல்வேன். மனைவி கோபமில்லாமல் அதை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஜன்னலுக்கே போய், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள்.

"எவ்ளோ நைனா?" என்பாள் மகள்.

"அம்மா சொல்லட்டும்," என்பேன்.